கதவு திறந்திருக்கும்போது நிற்பது: ‘தேவ சித்தம்’ என்றால் என்ன?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்திருக்கிறோம். பேச்சு நடையைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

 

போன வாரம் ஒரு தங்கச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. நாப்பது செகண்ட்தான். “அண்ணா, நாலு வருஷமா எங்க சர்ச்ல சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். இப்போ முடியல. வேலை, வீடு, உடம்பு எல்லாம் சேர்ந்து அடிக்குது. விட்டுடலாம்னு சொன்னா, அது தேவ சித்தத்துக்கு விரோதம்ங்கிறாங்க. அப்படியா அண்ணா?”

இதை நான் மூணு தடவை கேட்டேன். ஏன்னா இதே கேள்வியை ரெண்டு வருஷம் முன்னாடி நானே கேட்டுக்கிட்டு இருந்தேன். அதனால இன்னிக்கு இதைப் பத்தித்தான் பேசப் போறோம். கடவுளுடைய சித்தத்துக்கு மனப்பூர்வமா ஊழியம் செய்யறதுன்னா என்ன? அதுல ‘மனப்பூர்வமா’ங்கிற வார்த்தைக்கு எவ்வளவு எடை?

முதலில் என் கதை. ஒரு சர்ச். பெயர் வேண்டாம். அங்கே மீடியா டீமில் ஐந்து வருடம் இருந்தேன். கேமரா, லைவ் ஸ்ட்ரீம், ஸ்கிரீனில் பாட்டு வரிகள். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்கு வெளியே வருவேன். முதல் இரண்டு வருடம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது வருடம் ஒரு விஷயம் கவனித்தேன். ஆராதனை முழுக்க ஹெட்செட்டில் “கேமரா டூ, கேமரா டூ”ன்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தேனே தவிர, ஒரு பிரசங்கத்தைக்கூட முழுசாக் கேட்கவில்லை. ஆறு மாதம் பிரேக் வேண்டும் என்று கேட்டேன். “ஊழியத்தை விட்டுப் போறவங்க ஆசீர்வாதத்தை விட்டுப் போறாங்க” என்று பதில் வந்தது. பயந்துபோய் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். அந்த இரண்டு வருடம் நான் செய்ததற்கு என்ன பெயர்? ஊழியமா, பயமா?

அங்கேதான் இந்த வார்த்தைகளைத் தோண்ட ஆரம்பித்தேன்.

பைபிளில் பவுல் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது கிரேக்கத்தில் ‘டூலோஸ்’ என்று எழுதுகிறார். நம்ம பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ரோமர் நிருபத்தின் தொடக்கத்தில் அது ‘ஊழியக்காரன்’ என்று இருக்கும். ஆனால் டூலோஸ் என்ற சொல்லுக்கு அன்றைய ரோமப் பேரரசில் நேரடிப் பொருள், அடிமை. காசு கொடுத்து வாங்கி, விற்கக்கூடிய மனிதன். மரியாள் தேவதூதனுக்குப் பதில் சொல்லும்போதும் இதே சொல்லின் பெண்பால்தான் வருகிறது.

இந்த இடத்தில் நம்ம ஊரில் ஒரு நிமிஷம் நிற்கணும். ‘அடிமை’ங்கிறது நமக்குக் கவிதை வார்த்தை மட்டும் இல்லை. பண்ணையடிமைகளாக, கொத்தடிமைகளாக இருந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னிக்கு நம்ம சர்ச் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்காங்க. இந்தியாவில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததே 1976இல்தான். அதற்குப் பிறகும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருந்து ஆட்களை மீட்ட செய்திகள் நாம் படித்ததுதானே. அப்படிப்பட்ட ஒரு பாட்டியிடம் போய், “நீங்க கடவுளுக்கு அடிமையா இருக்கணும்”னு லேசாகச் சொல்லிவிட முடியாது. அவங்களுக்கு அந்த வார்த்தை முதுகில் தெரியும்.

அப்போ பவுல் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்? இதுக்கு யூத மரபில் ஒரு பின்னணி இருக்கு. யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 15ஆம் அதிகாரத்திலும் ஒரு சட்டம் வருகிறது. கடனுக்காக ஒரு எபிரெயன் அடிமையாக விற்கப்பட்டால், ஆறு வருடம் வேலை செய்வான். ஏழாம் வருடம் அவனை விடுவித்தாக வேண்டும். உபாகமம் இன்னும் ஒரு படி மேலே போகுது. வெறும் கையோடு அனுப்பக்கூடாது; ஆடு, தானியம், திராட்சரசம் எல்லாம் கொடுத்து அனுப்பணும்.

அதற்குப் பிறகுதான் அந்த விசித்திரமான பகுதி. விடுதலை கையில் இருக்கும்போது அவன், “எனக்கு எஜமானையும் இந்த வீட்டையும் பிடிச்சிருக்கு, நான் போகல” என்று சொன்னால், அவனைக் கதவருகே நிறுத்தி, கதவோடு சேர்த்து வைத்து, கம்பியால் காதைக் குத்துவார்கள். அதன்பின் அவன் வாழ்நாள் முழுக்க அந்த வீட்டு ஆள்.

நேர்மையாகச் சொல்லணும்னா, இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. யாத்திராகமப் பகுதியில், எஜமான் கட்டிவைத்த மனைவியும் பிள்ளைகளும் எஜமானுக்கே சொந்தம்; அவன் மட்டும்தான் வெளியே போகலாம். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுட்டுப் போக மனசில்லாமல் “பிடிச்சிருக்கு” என்று சொன்னவன் எத்தனை பேரோ! அந்தக் காலச் சமூகத்தின் காயம் அது. அதை மூடி மறைச்சுப் பிரசங்கம் பண்றதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனாலும் அந்தக் காட்சியில் இருக்கும் கதவைப் பாருங்க. காது குத்தும் இடம் எது? அவன் நினைத்திருந்தால் வெளியே போயிருக்கக்கூடிய அதே கதவு. முதலில் கதவு திறக்கணும். கையில் ஆடும் தானியமும் இருக்கணும். அப்புறம் அவன் “இருக்கேன்” என்று சொன்னால்தான் அதுக்கு அர்த்தம். பூட்டின வீட்டுக்குள் இருப்பவனைப் பார்த்து “எவ்வளவு விசுவாசமான ஆள்” என்று பாராட்டுவது கேலிக்கூத்து.

என் மீடியா டீம் வருடங்களுக்கு இது பதில் சொன்னது. முதல் மூன்று வருடம் கதவு திறந்திருந்தது, நான் நின்றேன். கடைசி இரண்டு வருடம் யாரோ கதவைச் சாத்திட்டு, அதுக்குத் தேவ சித்தம்னு பேர் வச்சாங்க.

சரி. அப்போ பிடிச்சதை மட்டும் செய்யறதுதான் மனப்பூர்வமா? அப்படியும் இல்லை. இயேசுவின் வாழ்க்கையிலேயே அதுக்கு நேர் எதிரான இரவு ஒன்று இருக்கு.

கெத்செமனே தோட்டம். அந்தப் பெயருக்கே ‘எண்ணெய் பிழியும் செக்கு’ என்றுதான் பொருள். எருசலேமுக்குக் கிழக்கே ஒலிவ மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மறுநாள் மரணம் என்று தெரிந்த இரவில் அங்கே அவர் ஜெபிக்கிறார். என்ன கேட்கிறார்? இது என்னைவிட்டுப் போகக்கூடாதா என்றுதான். “ஆஹா, சிலுவையா, கொடுங்க” என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்கிற தன் விருப்பத்தை முதலில் வாய்விட்டுச் சொல்கிறார். அதுக்குப் பிறகுதான் அப்பாவின் சித்தம் நடக்கட்டும் என்று ஒப்புக்கொடுக்கிறார். மத்தேயு எழுதியபடி பார்த்தால், ஒரு தடவை இல்லை, மூணு தடவை போய் ஜெபிக்கிறார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். மனப்பூர்வம் என்றால் தயக்கமே இல்லாமல் இருப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தோட்டத்தில் தயக்கம் இருந்தது, பயம் இருந்தது, வியர்வை இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிமுடித்த பிறகு எடுத்த முடிவு அது. உங்களிடம் “வேண்டாம்” என்று சொல்லும் உரிமையை யாராவது பிடுங்கிக்கொண்டால், இயேசுவுக்கே இருந்த உரிமையை உங்களுக்கு மறுக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போ ஒரு நிஜ மனுஷியோட கதை. வேலூர் சிஎம்சி எல்லாருக்கும் தெரியும். நம்ம வீட்டில் யாராவது ஒருத்தர் அங்கே போயிட்டு வந்திருப்பாங்க. அதை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் பிறந்தது 1870இல், ராணிப்பேட்டையில். அமெரிக்க மிஷனரி டாக்டர் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819லேயே யாழ்ப்பாணப் பக்கம் வந்து மருத்துவம் பார்த்தவர். அப்பாவும் டாக்டர். அதனால ஐடாவும் சின்ன வயசிலேயே “நானும் மிஷனரி ஆவேன்”னு சொல்லியிருப்பாங்கன்னு நினைப்போம்ல? இல்லவே இல்லை. பஞ்சத்தையும் பசியையும் சின்ன வயசிலேயே பார்த்துட்டு, இந்த வாழ்க்கை எனக்கு வேண்டவே வேண்டாம் என்று இருந்தவங்க. அமெரிக்காவில் படிச்சு, அங்கேயே கல்யாணம் பண்ணி, வசதியா வாழணும். அதுதான் திட்டம்.

1890 வாக்கில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வருகிறார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. அப்போது ஒரு இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மூன்றாமவர் இன்னொரு சாதி இந்து. மூன்று பேருக்கும் ஒரே பிரச்சினை. வீட்டில் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகியிருக்கு. ஐடா, “எனக்கு மருத்துவம் தெரியாது, எங்க அப்பா டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்க” என்கிறார். ஆண் டாக்டர் வந்து எங்க வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதா என்று மூன்று பேரும் திரும்பிப் போய்விடுகிறார்கள். விடிந்த பிறகு விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சர்ச்சில் சொல்லும்போது வழக்கமாக “அந்த இரவே கடவுள் அழைத்தார்” என்று முடித்துவிடுவார்கள். நான் வேறு இரண்டு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன்.

முதலாவது, யாரும் அவங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கப்பல் ஏறிப் போயிருக்கலாம். இங்கேயும் கதவு திறந்துதான் இருந்தது.

இரண்டாவது, அதுக்குப் பிறகு அவங்க என்ன செஞ்சாங்க? அடுத்த நாளே ஊழியத்தில் குதித்துவிடவில்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படிச்சாங்க. கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம். வேலூரில் வந்து வேலையைத் தொடங்கியது 1900இல். அந்த இரவுக்கும் இதுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பத்து வருஷம்! அனாட்டமி, தேர்வு, பிணவறை, தூக்கமில்லாத ராத்திரி. அதுவும் ஊழியம்தான், ஆனா அதை யாரும் பாட்டா எழுதமாட்டாங்க. மனசு மட்டும் இருந்து கை தெரியாமல் போனால், அந்த மூன்று வீட்டுக்கும் மறுபடியும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

அப்புறம் 1902இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1909இல் நர்சிங் பள்ளி. 1918இல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி. இந்த வரிசையைப் பார்த்தால் அந்த இரவின் கேள்விக்கு அவங்க எப்படிப் பதில் தேடினாங்கன்னு புரியும். தான் ஒருத்தி டாக்டராவது போதாது; இங்கத்திப் பெண்களே டாக்டராகணும். ஆண்களுக்கு அங்கே மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தது 1947இல்தான். 1960இல் கொடைக்கானலில் இறக்கும்வரை, போக முடிந்தும் போகாமல் இருந்தவங்க அவங்க.

“அண்ணா, நாங்க ஐடா ஸ்கடர் இல்லையே”ன்னு கேப்பீங்க. நானும் இல்லை. அதனால என் லெவலுக்கு ஒரு விஷயம் சொல்றேன்.

மீடியா டீமை விட்ட பிறகு நாலு மாதம் சும்மா இருந்தேன். பிறகு ஒரு நண்பன் மூலமாக, பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஸ்க்ரைபாகப் போக ஆரம்பித்தேன். ஸ்க்ரைப்னா, அவங்க சொல்லச் சொல்ல நாம பரீட்சைப் பேப்பர்ல எழுதணும். மணிக்குக் குறைஞ்சது 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு. மூணு மணி நேரப் பரீட்சைன்னா நாலு மணி நேரம் கை ஓடணும்.

முதல் தடவை ஒரு காலேஜ் தம்பி. வரலாறு பேப்பர். அருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். வேலூர் சிப்பாய்ப் புரட்சி பற்றிய கேள்வியில், “1816ஆம் ஆண்டு ஜூலை மாதம்” என்றான். என் பேனா நின்றுவிட்டது. 1806 என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு எண். யாருக்கும் தெரியப் போவதில்லை. அவனுக்கு உதவி செய்யத்தானே வந்திருக்கிறேன்? ஆனால் விதி தெளிவாக இருக்கிறது. அவன் சொன்னதைத்தான் எழுதணும். 1816 என்றே எழுதினேன். கை கூசியது.

வெளியே வந்து டீ குடிக்கும்போது மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். அவன் சிரிச்சான். “ஐயோ, ஆமாண்ணா! பரவால்ல விடுங்க. நீங்க மாத்தியிருந்தாத்தான் எனக்குக் கோவம் வந்திருக்கும். அது என் பரீட்சைண்ணா.”

அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதையே யோசிச்சேன். ஸ்கிரீனில் என் வேலை தெரிந்த அந்த ஐந்து வருடத்தில் நான் கற்றுக்கொள்ளாத ஒன்றை அந்த டீக்கடையில் கற்றுக்கொண்டேன். இன்னொருவருடைய சித்தத்துக்குக் கையைக் கொடுப்பது என்றால், என் அறிவையும் என் திறமையையும் காட்டிக்கொள்ளாமல் கொடுப்பது. யோவான் 13இல் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். ரொம்ப வீட்டுத்தனமான வேலை. தண்ணீர், பாத்திரம், துண்டு. அதில் காட்டிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிடறேன். ஸ்க்ரைப் கேள்வி கேட்கக்கூடாது. கடவுளிடம் கேட்கலாம், கெத்செமனேயில் கேட்கத்தானே செய்தார்கள்? கடவுள் நம்மைப் பேனாவாக மட்டும் விரும்புவதாக பைபிள் சொல்லவில்லை. ரோமர் 12இல் பவுல் உடம்பை ஒப்புக்கொடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே மனசு புதிதாகணும், அப்போதுதான் கடவுளின் சித்தம் எது என்று பகுத்தறிய முடியும் என்கிறார். அதாவது யோசிக்கிற பொறுப்பு நம்முடையது. வேறொருத்தர் நமக்காகப் பகுத்தறிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது இல்லை.

இன்னொன்று. தேவ சித்தம் என்றதும் எந்த வேலை, எந்த விசா, எந்த வரன் என்றுதான் கேட்கிறோம். பைபிளில் கடவுள் என்ன கேட்கிறார் என்று தெளிவாகச் சொல்லியிருக்கும் இடங்கள் உண்டு. மீகா தீர்க்கதரிசி நியாயம், இரக்கம், தாழ்மை என்று மூன்றில் முடித்துவிடுகிறார். கம்பெனி பெயர் எங்கேயும் இல்லை. எந்தக் கம்பெனியில் இருந்தாலும் இந்த மூணும் செய்யலாம். செய்யாமலும் இருக்கலாம்.

இப்போ அந்தத் தங்கச்சிக்கு என் பதில். நீங்க சண்டே ஸ்கூலை விடணுமா, தொடரணுமான்னு நான் சொல்லமாட்டேன். சொன்னா நானும் அதே தப்பைத்தான் பண்றேன். ஆனா மூணு கேள்வி தர்றேன். ஒண்ணு, இப்போ கதவு திறந்திருக்கா? போனா சாபம் வரும்ங்கிற பயம்தான் உங்களை நிறுத்தி வச்சிருக்குன்னா, முதல்ல அந்தப் பயத்தைக் கவனிங்க. ரெண்டு, “வேண்டாம்”னு கடவுள்கிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டீங்களா? அவர் கேட்பார். மூணு, நீங்க போனா அந்தப் பிள்ளைங்களுக்கு யார்? இந்த மூணாவது கேள்வியைத் தவிர்க்காதீங்க. சுதந்திரம் இருக்குங்கிறதுக்காக அந்த மூணு வீட்டுக் கதவுத் தட்டலும் இல்லாமப் போயிடாது. இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுத்துட்டுப் போகலாம், மாசத்துக்கு ஒரு வாரம்னு குறைச்சுக்கலாம், வழி இருக்கும்.

முடிக்கிறதுக்கு முன்னாடி எங்க அப்பா. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலில் முப்பது வருஷம் கோயில்பிள்ளையா இருந்தார். மணி அடிக்கிறது, பெருக்குறது, விளக்கு பார்க்கிறது. சம்பளம்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை. மீடியா டீமை விட்ட அன்னிக்கு அவருக்கு போன் போட்டேன். திட்டுவார்னு பயம். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னார்:

“ஏல, ஒருக்க எனக்கு டைபாய்டு வந்து மூணு வாரம் மணி அடிக்கல. ஞாயித்துக்கெழம வராமலா போச்சு?”

“அப்போ எதுக்குப்பா முப்பது வருஷம் அடிச்சீங்க?”

“பிடிச்சிருந்துது. வேற என்ன?”

அவர் பெரிய தத்துவமெல்லாம் பேசுகிறவர் இல்லை. ஆனா நான் பக்கம் பக்கமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை அவர் கயிற்றைப் பிடிச்சே தெரிஞ்சு வச்சிருந்தார். தான் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வரும் என்று தெரிந்தும், விடியற்காலை எழுந்து போய் மணி அடித்தார்.

அடுத்த மாசம் அந்தத் தம்பிக்கு அடுத்த செமஸ்டர். கூப்பிட்டிருக்கான். போறேன். நீங்களும் ஸ்க்ரைபா வரணும்னு நினைச்சா, உங்க பக்கத்துக் காலேஜ்ல கேளுங்க. பரீட்சை நேரத்துல ஆள் கிடைக்காம தவிக்கிறாங்க. வரமுடியலன்னா பரவாயில்லை. கதவு திறந்தேதான் இருக்கும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். நல்லாத் தூங்குங்க.